வெள்ளைக்காரி குதித்த வேகம்

தேரா, துபாய்
20.11.1987, வெள்ளிக்கிழமை

அடி நசீம்,

அஸ்ஸலாமு அலைக்கும். நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் வீட்டுக்காரர் ஹாமித் தம்பி உன் புதுப் போட்டோவை எங்கள் வீட்டுக்காரரிடம் காட்ட, அவர் அதை வாங்கிவந்து எனக்குக் காட்டினார். நீ ரொம்பவே நலம் என்று தெரிந்துகொண்டேன். சின்னவன் பிறந்த பிறகு நீ இரண்டு நசீம் ஆகிவிட்டாய். கோபப்படாதே, பெரியம்மா மகள் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

ஹாமித் தம்பி உனக்காக ஒரு வீடியோ டெக் வாங்கியிருக்கிறார். வத்தலக்குண்டுக்காரர் ஒருவர் ஊருக்கு வருகிறார், அவர் கையில் வருகிறது. அதோடு நான் ஒரு கேசட் வைத்திருக்கிறேன். சினிமா என்று நினைத்து உன் மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுவிடாதே. அது உடற்பயிற்சி கேசட். பக்கத்து ஃப்ளாட் மலையாளத்துப் பெண்தான் எனக்குப் பழக்கிவிட்டாள்.

அவளிடம் இரண்டு விதம் இருக்கின்றன. ஒன்றில் அமெரிக்காக்காரி. நெற்றியில் பட்டை கட்டிக்கொண்டு குதிக்க ஆரம்பித்தால் நிற்கவே மாட்டாள். நின்ற இடத்திலேயே ஓடுவாள், கையை வீசுவாள், முட்டியை மார்பு வரைக்கும் தூக்குவாள். பின்னால் நாலு பேர் அவளைப் போலவே செய்வார்கள், எல்லோரும் சிரித்த முகம். இன்னொன்றில் லண்டன்காரி. அவள் பாயில் படுத்துக்கொண்டு ஒரு காலை மெல்லத் தூக்கி மெல்ல இறக்குவாள். பார்த்தால் தூக்கம்தான் வரும். வியர்த்து ஊற்றினால்தான் கொழுப்பு கரையும். அதனால் உனக்கு அமெரிக்காக்காரியைப் பதிந்திருக்கிறேன். எங்கள் புது டெக்கில் ஒரு பொத்தானை அமுக்கினால் ஒரு கேசட்டில் இரண்டு மடங்கு பிடிக்கிறது. மூன்று பாகமும் ஒன்றிலேயே அடங்கிவிட்டது.

எனக்குக் கல்யாண ரவிக்கை இப்போது மறுபடியும் பொருந்துகிறது, மாஷா அல்லாஹ்.

உன் வீட்டுக்காரரைப் பற்றிக் கவலைப்படாதே. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்தால் சாப்பாடு நம் வீட்டில்தான். என் பிரியாணியை இரண்டாவது தடவை வாங்காமல் எழுந்ததில்லை. நோன்புக்கு ஊர் வருகிறாராமே. அதற்குள் பழைய நசீமாகிவிடு.

உன் அக்கா
ரஃபியா


பேகம்பூர், திண்டுக்கல்
12.12.1987

ரஃபியா அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். டெக் வந்தது, கேசட்டும் வந்தது. என் போட்டோ உன் வீடு வரைக்கும் ஊர்வலம் போன சங்கதியும் வந்தது. அவர் வரட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, உள்ளறையைச் சாத்திக்கொண்டு போட்டேன். முதலில் படம் முழுக்கக் கோடு கோடாக ஓடியது. நம் ஊர் கரண்ட் லட்சணம் உனக்குத் தெரியும்தானே. சத்தமோ கீச்சுக் கீச்சென்று காது கொள்ளவில்லை. இங்கிலீஷ் இவ்வளவு வேகமாகவா பேசுவார்கள்? எப்படியும் புரியப் போவதில்லை என்று சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டேன்.

அக்கா, அவள் குதிக்கிறாளா பறக்கிறாளா? நான் ஒரு காலைத் தூக்குவதற்குள் அவள் அந்தக் காலைப் போட்டு, மறு காலையும் தூக்கிப் போட்டு, திரும்பி நின்று சிரிக்கிறாள். சுங்கடிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பார்த்தேன், தடுக்கி விழுந்தேன். அவர் விட்டுப்போன லுங்கியைப் பைஜாமாவாகத் தைத்துக்கொண்டேன். மறுநாள் படி இறங்க முடியவில்லை. மாமி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஏத்தா, ஒரல்ல விழுந்த மாதிரி நடக்குற?” என்றார்.

விடமாட்டேன். நீ செய்கிறாய் என்றால் நானும் செய்வேன். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள் நீ. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் வைத்தால் முதலில் வருவது யார் என்பது நம் தெருவுக்கே தெரியும்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வெள்ளிக்கிழமை அவருக்குச் சோறு நீதான் பரிமாறுகிறாயா? சின்னவன் வயிற்றில் இருக்கும்போது போன மனிதர் அவர். மூன்று வருஷத்துக்கும் மேலாக வாரா வாரம் உன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, நோன்புக்கு வந்து என்னைப் பார்க்கப் போகிறார். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வகையில் இளைக்கத்தான் செய்கிறேன்.

நசீம் பானு


தேரா
1.1.1988, வெள்ளிக்கிழமை

அன்பு நசீம்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். வேகமா? எனக்கு அவள் வேகமாகவே தெரியவில்லையடி. அவளோடு குதித்துக்கொண்டே பக்கத்து ஃப்ளாட்காரியிடம் ஊர்க்கதை பேசுவேன். நடுவில் போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து விட்ட இடத்தில் சேர்ந்துகொள்வேன். உனக்கு முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் சொல், லண்டன்காரியைப் பதிந்து அனுப்புகிறேன். இங்கே பேறுகாலம் முடிந்தவர்களும் வயதானவர்களும் அவளைத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

பரிமாறுவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். வீட்டுக்கு வந்தவரை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று எனக்கு நீ சொல்லித்தர வேண்டியதில்லை. போன வாரம் ஈரல் வறுவல் செய்தேன், சட்டி காலி.

எனக்குப் பிள்ளையும் இல்லை, பேச்சுத் துணையும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்துச் சுவர். உன் மச்சான் காலையில் கடைக்குப் போனால் இரவு இஷா தொழுதுவிட்டுத்தான் வருகிறார். இத்தனை மாதம் குதித்து இளைத்தேனே, அது அவர் கண்ணில் பட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. புது ரவிக்கை போட்டு எதிரே போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். “கொழம்புல உப்புக் கூட” என்றார். அவ்வளவுதான்.

உனக்கு வாரம் ஒரு கடிதமாவது வருகிறது. எனக்கு எழுத வேண்டிய மனிதர் கூடவே இருக்கிறார், அதனால் எழுதவும் மாட்டார், பேசவும் மாட்டார்.

ரஃபியா


பேகம்பூர்
3.2.1988

அக்கா,

லண்டன்காரியை நீயே வைத்துக்கொள். எனக்கு வேண்டாம்.

நாகல் நகரில் ஞானராஜ் என்பவர் வீடியோ கேசட் வாடகைக்கு விடுகிறார். அவரிடம் கேட்டதில் பம்பாய்க்காரர் ஒருவரின் கேசட் கிடைத்தது. பெரிய மீசை. கால்மடித்து உட்கார்ந்து மூச்சை இழுக்கிறார், அடக்குகிறார், அப்புறம் நம்மை முறைக்கிறார். அமெரிக்காக்காரிக்கு முன்னால் இவரெல்லாம் எந்த மூலைக்கு? அடுத்த நாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன். உடம்பு இளைக்கவேண்டும் என்றால் அவள்தான். அது ஒன்றை மட்டும் நீ சரியாகச் சொன்னாய்.

பக்கத்து வீட்டுச் சொர்ணலட்சுமியும் என்னோடு சேர்ந்தாள். சின்னாளபட்டித் தறிக்காரர் வீட்டுப் பெண், நாளெல்லாம் ராட்டை சுற்றிய கை, நல்ல பலம். அவளே கால் மணி நேரத்தில் கணுக்காலைப் பிசகிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். “ஏக்கா, இவ மனுசியில்லக்கா, எந்திரம். ஒங்கக்கா நெசமாவே இம்புட்டு வேகமாவா குதிக்கிறாக?” என்று கேட்டாள்.

“பேசிக்கிட்டே குதிப்பாளாம்” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நானும் ஒருநாள் தலைசுற்றி விழுந்தேன். நாற்காலி இடித்து நெற்றி வீங்கியது. மாமி பயந்துபோய்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஓதிய தண்ணீர் வாங்கிவந்து என் முகத்தில் அடித்தார். “வயசுப் பொம்பள இப்புடிக் குதிச்சா வயிறு எறங்கிப் போகும்டி” என்று அந்த டெக்கைத் துணி போட்டு மூடிவைத்தார். அவர் அசந்த நேரத்தில் துணியை எடுத்துவிட்டு மறுபடியும் குதித்தேன்.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு உள்ளே போனால், சோறு வடிப்பதற்குள் முதல் பாகத்தை அவளோடு சரிக்குச் சரியாக முடித்துவிட்டு வெளியே வருகிறேன். ஒரு இடத்தில்கூட நிற்பதில்லை. பழைய ரவிக்கை எல்லாவற்றையும் பிடித்துத் தைத்தாகிவிட்டது.

இதைச் சந்தோஷமாக எழுதலாம் என்று இருந்தேன். நேற்று அவர் கடிதம் வந்தது. அதில், “ரஃபியா மதினி உடற்பயிற்சி செய்து புதுப்பெண் மாதிரி ஆகிவிட்டார்கள், நீயும் செய்” என்று எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்தில், அப்படியே.

புதுப்பெண் மாதிரியா? அவர் எப்போது உன்னை அப்படிப் பார்த்தார்? தட்டு வைக்கும்போதா, தண்ணீர் ஊற்றும்போதா? கல்யாண ரவிக்கை பொருந்துகிறது என்று நீ எனக்கு எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல வளர்ந்தோம், அக்கா. என் வயிறு எரிகிறது.

இனி அவருக்கு நீ வெள்ளிக்கிழமை சோறு போட வேண்டாம். துபாயில் ஓட்டலா இல்லை?

நசீம்


தேரா
19.2.1988, வெள்ளிக்கிழமை

நசீமுக்கு,

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். தலைவலி என்று சொல்லி இன்று அடுப்பு மூட்டவில்லை. இவர் ஒன்றும் கேட்காமல் உன் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு ஓட்டலுக்குப் போயிருக்கிறார். திருப்தியா?

இப்போது நான் சொல்வதைக் கேள். ஹாமித் தம்பி என் முகத்தைப் பார்த்ததே இல்லை. உன் நிக்காஹ் நடந்தபோது நான் இங்கே இருந்தேன், அது உனக்கு மறந்துபோனதா? இந்த வீட்டில் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே கனத்த திரை தொங்குகிறது. உன் மச்சானுக்கு நம் ஊரில் இல்லாத கண்டிப்பெல்லாம் இங்கே வந்துவிட்டது. நான் தாம்பாளத்தைத் திரைக்கு அடியில் தள்ளுவேன், பரிமாறுவது அவர். புதுப்பெண் என்று உன் வீட்டுக்காரர் எதை வைத்து எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அவரையே கேள்.

எனக்கு அவரைக் காதால் மட்டும்தான் தெரியும். எந்நேரமும் உன் பேச்சுதான். “நசீமு மீன் கொழம்பு வச்சா தெருவே மணக்கும்”, “நசீமு இருந்தா இதுக்கு விழுந்து விழுந்து சிரிப்பா”. சமைத்துப்போட்டுவிட்டுத் திரைக்கு இந்தப் பக்கம் நின்று வாரா வாரம் உன் பெயரைக் கேட்டுக்கொண்டிருப்பவள் நான். எரிய வேண்டியது யார் வயிறு என்று நீயே சொல்.

கடைசியாக ஒன்று. சோறு வடிப்பதற்குள் முதல் பாகம் முடிந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறாய். இங்கே எனக்கு முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்ததே இல்லை. பாதியை ஓட்டிவிட்டு முழுதும் செய்தேன் என்று பெருமை அடிக்காதே.

ரஃபியா


பேகம்பூர்
10.3.1988

அக்கா,

பாதியை ஓட்டினேன் என்று எழுதினாயே, அந்தக் கோபத்தில் டெக்கைத் துணியில் கட்டிக்கொண்டு, கேசட்டையும் எடுத்துக்கொண்டு, சொர்ணலட்சுமியோடு ஆட்டோ பிடித்து நாகல் நகர் போனேன். “இது எவ்வளவு நேரம் ஓடுற கேசட்டு, பாத்துச் சொல்லுங்க” என்று ஞானராஜிடம் கொடுத்தேன். அவர் கடையில் இருந்த புது டெக்கில் போட்டார்.

கோடு இல்லை. கீச்சுச் சத்தம் இல்லை. அமெரிக்காக்காரி சாவகாசமாக வந்து நின்றாள். ஒரு காலைத் தூக்கினாள். இறக்கினாள். ஏதோ சொன்னாள், சிரித்தாள். அப்புறம் மறு காலைத் தூக்கினாள்.

“இது என்னங்க இவ்வளவு மெதுவா ஓடுது?” என்றேன்.

“மெதுவா இல்லக்கா, இதான் சரியான ஓட்டம். பதியும்போது நாடாவ மெதுவா ஓடவிட்டுப் பதிஞ்சுருக்காக. அந்த வசதி உள்ள டெக்குலதான் போடணும். ஒங்க டெக்குல போட்டா ரெண்டு மடங்கு வேகத்துல பறக்கும்” என்றார்.

சொர்ணலட்சுமி கடைப் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ அமுக்கிய அந்தப் பொத்தானால் நான் நெற்றி வீங்கி, ஓதிய தண்ணீரில் முகம் நனைந்து, நீ பறக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு உன் பின்னாலேயே ஓடியிருக்கிறேன். நீயோ ஊர்க்கதை பேசியபடி நடந்துகொண்டிருந்திருக்கிறாய்.

முடியவில்லை என்று ஒரு வார்த்தை உனக்கு எழுதியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். செத்தாலும் எழுதியிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

என் டெக்கிலேயே போட்டு, இதே வேகத்தில்தான் இனியும் குதிப்பேன். அது எனக்குப் பழகிவிட்டது. உன்னால் முடிந்தால் வந்து ஒருநாள் என்னோடு குதித்துப் பார்.

திரை என்றும் தாம்பாளம் என்றும் எழுதியிருக்கிறாய். நான் நம்பவில்லை. அவர் வந்து இறங்கட்டும், முகத்தைப் பார்த்துக் கேட்பேன்.

நசீம்


தேரா
8.4.1988

நசீம்,

பொத்தான் கதையைப் படித்துச் சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. பக்கத்து ஃப்ளாட்காரிக்கும் சொன்னேன். நானும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன், ஜனவரி முடிவிலேயே எனக்கு முட்டி வலி வந்துவிட்டது. இப்போது லண்டன்காரியோடு பாயில் படுத்துதான் காலைத் தூக்குகிறேன். நினைத்த அளவுக்கு மோசமில்லை, இடுப்புக்கு நல்லது. குதிக்கும்போது இளைத்தது இதிலும் அப்படியே நிற்கிறது. நீயும் நடுநடுவே அவளைச் செய்தால் முட்டி தப்பிக்கும்.

ஆனால் என் மனசு ஆறவில்லை. என்னைப் பற்றி அப்படி நினைத்துவிட்டாயே.

அடுத்த வாரம் உன் வீட்டுக்காரர் விமானம் ஏறுகிறார். உன் மச்சான் பெட்டி கட்ட உதவி செய்யப் போயிருக்கிறார். எனக்கு இன்று காலையிலிருந்து எதிலும் கை ஓடவில்லை. ஒரு மனிதர் கடல் தாண்டி உன்னைப் பார்க்க வருகிறார், நீ வாசலில் நிற்பாய். என் வீட்டுக்காரர் தினமும்தான் வருகிறார். வந்தார் என்பதே செருப்புச் சத்தத்தில்தான் தெரிகிறது. உன்மேல் எனக்கு எவ்வளவு பொறாமை என்று நீ அறியமாட்டாய்.

ரஃபியா


பேகம்பூர்
24.5.1988

என் அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடியாகப் போயிற்று. நோன்பு தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் அவர் வந்து சேர்ந்தார்.

காரிலிருந்து இறங்கினார். பின்னலில் நிலக்கோட்டை மல்லிகை, புதிதாகப் பிடித்துத் தைத்த ரவிக்கை, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நான். சின்னவன் யாரோ என்று என் பின்னால் ஒளிந்தான். அவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். அவர் முகம் மாறிப்போயிற்று.

“என்னடி ஆச்சு ஒனக்கு? ஏன் இம்புட்டு எளச்சுப் போயிட்ட?” என்றவர், திரும்பி மாமியிடம், “ஏம்மா, இவளுக்குச் சோறு போட்டீகளா இல்லையா?” என்று கத்தினார்.

“நல்லாக் கேட்டடா! நானா சோறு போடல? இவதான் கதவச் சாத்திக்கிட்டுக் குதிகுதின்னு குதிச்சா!” என்று மாமியும் பதிலுக்குக் கத்த, தெருவே கூடிவிட்டது. வந்ததும் வராததுமாக அம்மாவுக்கும் பிள்ளைக்கும் சண்டை. நான் எதற்கு அழுகிறேன் என்று தெரியாமல் அழுதேன்.

அவருக்கோ நல்ல தொப்பை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எல்லாம் உன் பிரியாணி. நோன்பு முழுக்க இஃப்தாரில் தன் பங்கு வடையையும் என் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

வந்த அன்று மாலையே கேட்டுவிட்டேன். “ரஃபியாக்கா எப்புடி இருக்கா?”

“மதினிய நான் எங்க பாத்தேன்? திரைக்கு அங்கிட்டு வளையல் சத்தம் கேக்கும், அம்புட்டுத்தான்” என்றார்.

அப்படியானால் புதுப்பெண் என்று ஏன் எழுதினீர்கள் என்றேன். அவர் பழியை உன் வீட்டுக்காரர்மேல் போட்டார். “பரீது மச்சான் சொன்னாக. யார்ட்டயும் சொல்லாதடான்னாக. ஒருநா கடை அடைக்கிறப்ப, ‘ஹாமிது, எம்பொண்டாட்டி புதுப்பொண்ணு மாதிரி ஆயிட்டாடா. வீட்டுக்குள்ள நொழஞ்சா ஏறிட்டுப் பாக்கவே எனக்குக் கூச்சமா இருக்கு. என்னத்தப் பேசுறதுன்னு தெரியாம உப்பு, புளின்னு ஒளறிட்டு வாரேன்’னாக. அத நம்பித்தான் ஒனக்கு எழுதுனேன்” என்றார்.

அக்கா, இதைக் கேட்ட அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். நோன்பு முழுக்க எழுதவில்லை. பெருநாள் கழிந்தும் எழுதவில்லை. உன்னை நான் நினைத்த நினைப்புக்கு முதலில் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், அதையும் கேட்கவில்லை. காகிதத்தை எடுப்பேன், மடித்து வைத்துவிடுவேன். இரண்டு மடங்கு வேகத்தில் குதித்தவள் நான். என்னைப் பார்த்து என் வீட்டுக்காரர் சோறு போட்டார்களா என்று கேட்கிறார். ஊர்க்கதை பேசிக்கொண்டு மெதுவாகக் குதித்த உன்னை ஏறிட்டுப் பார்க்க உன் வீட்டுக்காரருக்குக் கூச்சமாக இருக்கிறதாம். இதை உனக்குச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நிஜமாகவே வரவில்லை.

நேற்று அவர் சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு, “ஒங்கம்மாவப் பாருடா, ஊதுனா பறந்துருவா போல” என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன். என்னை மன்னித்துவிடு. பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை. ஆனால் மச்சான் சொன்ன வார்த்தை உன்னுடையது, அதை நான் இங்கே வைத்துக்கொள்ள முடியாது.

இந்தக் கடிதம் கிடைத்த அன்று இஷா முடிந்து மச்சான் வந்ததும் நீயே கேள். தெரியாத மாதிரி வேறு பேச்சுக்குப் போவார். விடாதே.

உன் தங்கை
நசீம்